காவல் துறைக்கு மக்கள் ஆலோசனைக் குழு: கேள்வியும் பதிலும்

காவல் நிலைய அளவில் இயங்கும் குடிமக்கள் ஆலோசனைக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். இந்தக் குழுவுக்கு என்னதான் அதிகாரம்? ஒரு காவலர் தப்பு செய்தால் நீங்கள் தண்டிக்க முடியுமா?

முடியாது. ஆலோசனைக் குழு யாரையும் விசாரிக்காது. எந்த வழக்கிலும் கைது செய் என்றோ விட்டுவிடு என்றோ சொல்லாது. எந்தப் பகுதியில் இரவு ரோந்து வேண்டும், எந்த வகைப் புகாரை நிலையத்தில் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள், முக அடையாளக் கேமரா வைப்பதற்கு முன் என்ன விதிகள் தேவை, இதையெல்லாம் அதிகாரியிடம் எடுத்துச் சொல்வதுதான் வேலை. ஏற்பதும் தள்ளுவதும் அவர் பாடு.

தண்டனை வரை போகும் அமைப்புகள் வேறு வகை. நியூயார்க்கில் பொதுமக்களின் புகார்களை விசாரிக்கும் வாரியம் 1993-இல் காவல் துறையிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அங்கேயும் தண்டனையில் கடைசி வார்த்தை காவல் ஆணையருடையது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் இன்னும் ஒரு படி மேலே. 2016-இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய ஆணையம், 2020 பிப்ரவரியில் மேயருடன் சேர்ந்து காவல் துறைத் தலைவரையே பதவியிலிருந்து நீக்கியது. இவை கண்காணிப்பு அமைப்புகள். ஆலோசனைக் குழுவையும் கண்காணிப்பு அமைப்பையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் முதல் கூட்டத்திலேயே கோபித்துக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் பல்லில்லாத குழு எதற்கு? கைத்தட்டி, படம் எடுத்துக்கொண்டு கலைவதற்கா?

அப்படிக் கலைந்த கூட்டங்களும் உண்டு, மறுக்கவில்லை. என் கணக்கில் ஒரு குழுவுக்கு உயிர் கொடுப்பவை இரண்டுதான்: காவல் துறையின் எண்களைப் பார்க்கும் உரிமை, பரிந்துரைக்கு எழுத்தில் பதில் பெறும் உரிமை.

நிறுத்திச் சோதனை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் பையன்களைச் சும்மா நிறுத்துகிறார்கள்" என்று ஒருவர் குமுறுவார். "குற்றம் நடக்கும் இடத்தில் நிறுத்துகிறோம்" என்று அதிகாரி சொல்வார். ஒரு மணி நேரம் போய்விடும், இரண்டு பேரும் அசைந்திருக்க மாட்டார்கள். அதே கூட்டத்துக்கு முன்பே மூன்று மாதப் பட்டியல் கையில் இருந்தால் பேச்சே மாறும். எத்தனை பேரை நிறுத்தினார்கள், எந்த நேரத்தில், எந்தப் பகுதியில், எந்த வயதினரை? எத்தனை பேரிடம் ஏதாவது கிடைத்தது? ஒரு பகுதியில் நூறு பேரை நிறுத்தி நான்கு பேரிடமும், இன்னொன்றில் இருபது பேரை நிறுத்தி ஐந்து பேரிடமும் பொருள் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறுக்கு அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும். அவரிடம் நியாயமான காரணம் இருக்கவும் கூடும். அதைக் கேட்டபின் குழு ஒரு பரிந்துரை எழுதுகிறது. அதற்கு ஒரு மாதத்துக்குள் "செய்கிறோம்" அல்லது "செய்யவில்லை, காரணம் இது" என்று கையெழுத்தோடு பதில் வர வேண்டும். அந்தப் பதில் பொதுவில் வெளியாகவும் வேண்டும். மறுப்பைக் காரணத்தோடு எழுத வேண்டும் என்றாலே பாதி மறுப்புகள் குறைந்துவிடும்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் குழுவுக்கு இந்த இரண்டாவது உரிமை கிடையாது. "கவனத்தில் கொள்ளப்படும்" என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை பரிந்துரைகள் அடக்கமாகின என்று கேட்காதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் அண்ணா. இந்த யோசனை எங்கே தொடங்கியது?

ஒரே இடம் என்று கிடையாதம்மா. பெரும்பாலும் ஏதாவது வெடித்த பிறகுதான் இந்தக் குழுக்கள் வரும். 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் சாதாரண உடையில் வந்த காவலர்கள் சில நாட்களிலேயே 900-க்கும் மேற்பட்டோரை நிறுத்திச் சோதித்தார்கள். உள்ளூர்ப் பிரமுகர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. கலவரம் மூண்டது. ஸ்கார்மன் பிரபு என்ற நீதிபதி விசாரித்து அதே ஆண்டு அறிக்கை கொடுத்தார். ஒவ்வொரு காவல் பகுதியிலும் மக்களின் கருத்தைக் கேட்க ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று 1984-இல் சட்டம் வந்தது.

எதிர்ப்பையும் கட்டுரையில் சேர்த்துக்கொள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1958-இல் காவலர்கள் மீதான புகார்களைக் கேட்கும் பொதுமக்கள் வாரியம் அமைந்தது. காவலர் சங்கம் விடாமல் எதிர்த்தது. 1969-இல் மேயரே அதைக் கலைத்தார். நியூயார்க்கில் மேயர் லிண்ட்சே புகார் வாரியத்தில் பொதுமக்களைச் சேர்த்தபோது, சங்கம் 1966-இல் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் ஜெயித்தது. எல்லா ஊரிலும் மக்கள் இதைக் கேட்டு வாங்கினார்கள் என்று எழுதிவிடாதே.

கேள்வி: உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுப்பது? எங்கள் பகுதியில் எல்லாரும் இன்ஸ்பெக்டருக்கு வேண்டப்பட்டவர்கள்.

எல்லா நாட்டிலும் கேட்கும் புகார் இது. யாருக்கு ஆலோசனை சொல்ல வேண்டுமோ அவரே ஆளைப் பொறுக்கினால் ஆமாம் சாமிகள்தான் வருவார்கள். ஜப்பானில் 2001 முதல் காவல் நிலையங்களில் கருத்துக் கேட்கும் குழு உண்டு. அதன் உறுப்பினர்களை நியமிப்பது மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையம், நிலையத் தலைவர் இல்லை. சிகாகோ தேர்தலே வைத்தது: 22 காவல் மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள், முதல் தேர்தல் 2023 பிப்ரவரியில்.

தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. காவல் துறையோடு உரசல் உள்ளவர்கள், அதாவது இளைஞர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், இரவுப் பணிக்காரர்கள், வழக்கில் சிக்கி மீண்டவர்கள் எந்த முறையிலும் எளிதில் உள்ளே வருவதில்லை. அவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்குவது மேல்.

கேள்வி: நான் பணியில் இருக்கும் அதிகாரி. வெளியாட்களுக்கு எங்கள் வேலையின் கஷ்டம் தெரியாது. நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?

தெரியாதுதான் ஐயா. அதனால் குழுவில் சேர்பவர்களை முதல் மாதமே ஒரு இரவு ரோந்து வண்டியில் கூட்டிப்போங்கள், கட்டுப்பாட்டு அறையில் உட்கார வையுங்கள். அதன்பின் அவர்கள் கேட்கும் கேள்விகளின் தரமே வேறாக இருக்கும். இன்னொன்று. சாட்சி சொல்ல ஆள் வரவில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? ஏன் வரவில்லை என்பது உங்கள் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. வெளியாட்களுக்குத் தெரியும்.

கேள்வி: விசாரணையில் இருக்கும் வழக்கு விவரம் உறுப்பினர்களுக்குச் சொல்வார்களா?

வழக்குக் கோப்பு வராது, வரவும் கூடாது. பதற்றமான சம்பவங்களில் மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு. லண்டனில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993-இல் கொல்லப்பட்டார். அந்தக் கொலை விசாரணை எப்படிச் சொதப்பியது என்று ஓய்வுபெற்ற நீதிபதி மெக்ஃபெர்சனின் அறிக்கை 1999-இல் அம்பலப்படுத்திய காலத்தில் சுயேச்சை ஆலோசனைக் குழுக்கள் வளர்ந்தன. பெரிய சம்பவம் நடந்தால் அவர்களைக் கூப்பிட்டு, குடும்பத்திடம் எப்படிப் பேசுவது, அறிக்கையில் எந்தச் சொல் புண்படுத்தும் என்று கேட்பார்கள். அங்கே கேட்டதை வெளியே பேசினால் அத்தோடு அந்த உறுப்பினரை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: தன்னார்வலர்கள் இரவில் ரோந்து போகிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அவர்கள் காவல் துறைக்கு உதவியாட்கள். ஆலோசகர் கையில் தடி கொடுத்தால் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்.

கேள்வி: சம்பளம் உண்டா?

பெரும்பாலான இடங்களில் கிடையாது. பயணச் செலவையாவது கேளுங்கள். இல்லாவிட்டால் வசதி உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

கேள்வி: என்னைச் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

கடந்த ஆண்டின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை பரிந்துரைகள், எத்தனைக்குப் பதில் என்று எண்ணிப் பாருங்கள். குறிப்பே இல்லை என்றால், குறிப்பு எழுதுவதை நிபந்தனையாக வைத்துச் சேருங்கள். கூட்டம் எங்கே, எப்போது என்றும் கேளுங்கள். காவல் நிலையத்துக்குள், வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு என்றால் யார் வருவார்கள்? மாலையில், நூலகத்திலோ பள்ளியிலோ வைக்கச் சொல்லுங்கள். அதற்கே மறுத்தால் அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.