மீன் பயந்து கண்ணாடியில் முட்டுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், களுவாஞ்சிகுடிப் பக்கம். வயல் மேற்குப் பக்கமான படுவான்கரையில். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி வாங்கி, பத்து நாளைக்கு முன் நாலு ஏஞ்சல் மீன் விட்டோம். யாராவது பக்கத்தால் போனால் போதும், தறிகெட்டு ஓடிக் கண்ணாடியில் முட்டுகின்றன. மற்ற நேரமெல்லாம் பில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. நிறம் வெளிறிவிட்டது, ஆள் நின்றால் தீன் எடுப்பதில்லை. தொட்டி வாசலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரப் பலகையில் இருக்கிறது. உள்ளே வெள்ளைச் சல்லி, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, முருகைக்கல் (பவளக்கல்). தண்ணீர் ஒரு முறை குழாயில், ஒரு முறை கிணற்றில் எடுக்கிறோம். நீல மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா ஐயா?

பதில்: ஊற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. அந்த நீல மருந்து, அதாவது மெத்திலீன் நீலம், பில்டரில் இப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் நல்ல பக்ரீரியாவையும் கொன்றுவிடும். அதன் பிறகு தண்ணீர் இன்னும் கெடும்.

வீட்டில் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஐந்தாறடி தள்ளி அமர்ந்து மீனின் செவுளைக் கவனியுங்கள். ஆளே இல்லாதபோதும் செவுள் வேகமாக அடித்தால், மேல் தண்ணீரில் வாய் வைத்து நின்றால், உடம்பைக் கல்லில் உரசினால், குறை தண்ணீரில். மூச்சு அமைதியாக இருந்து, ஆள் வரும்போது மட்டும் பாய்ந்தால், குறை தொட்டி இருக்கும் இடத்தில். உங்கள் தொட்டியில் இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியானாலும் தண்ணீரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

16 அங்குலம் வரை தண்ணீர் நின்றால் 36 × 15 × 16 கன அங்குலம். ஒரு லீற்றர் 61 கன அங்குலம், அதனால் 61ஆல் வகுத்தால் சுமார் 142 லீற்றர் வரும். சல்லியும் கல்லும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 130 லீற்றர் என்று வையுங்கள். இனி எல்லா அளவும் இந்தக் கணக்கில்தான்.

யூரியா மண்ணில் அமோனியாவாகி, பிறகு நைத்திரைற்றாகி, கடைசியில் நைத்திரேற்றாவது வேளாண்மை செய்யும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் தொட்டிக்குள் அதே வழியில்தான் போகின்றன. ஆனால் அந்த வேலையைச் செய்யும் பக்ரீரியா புதுத் தொட்டியில் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். பத்தாம் நாள் என்பது அமோனியா ஏறி நிற்கும் காலம். அமோனியா செவுளை எரிக்கும், எரிச்சல் பட்ட மீன் நிழல் ஆடினாலும் பாயும். சிப்பியும் முருகைக்கல்லும் சுண்ணாம்புதான். அவை கரையக் கரையத் தண்ணீரின் காரத்தன்மை கூடும், கார நீரில் அதே அளவு அமோனியா இன்னும் கடுமையான நஞ்சாகும். எனவே அவற்றை இன்றே வெளியே எடுங்கள். இனிமேல் முருகைக்கல் கரையில் கிடந்தாலும் பொறுக்க வேண்டாம். சல்லியில் சந்தேகம் இருந்தால் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதையும் மாற்ற வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் உண்டு. கரையோர மணல் கிணற்று நீரில் பெரும்பாலும் உவர்ப்பும் சுண்ணாம்பும் கூடுதல். அள்ளிய உடனே அதில் ஒட்சிசனும் குறைவு. இரண்டையும் மாறி மாறி ஊற்றுவது மீனுக்கு ஒவ்வொரு முறையும் வேறு ஊருக்கு இடம்பெயர்வது போல. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிணறு உவர்ப்பென்றால் குழாய் நீர்தான் நல்லது. வாய் அகன்ற பேசினில் பிடித்து, காற்றுப் பம்பிக் குழாயை விட்டு 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் மீன்கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேற்று, 100 லீற்றருக்கு 1 கிராம்.

முதல் ஐந்து நாளும் தினம் 30 லீற்றர் எடுத்து, அதே அளவு ஆறவைத்த நீரை மெல்ல ஊற்றுங்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு முறை அதே 30 லீற்றர். அமோனியா, நைத்திரைற்று இரண்டையும் பார்க்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினால் ஊகத்துக்கு வேலை இல்லை: இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தினசரி மாற்றத்தைத் தொடருங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து போடுங்கள். ஆரோக்கியமான பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். கழிவு நீரை மிளகாய்க் கன்றுக்கு விடலாம்.

உங்களிடம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வயலில் கிருமிநாசினி அடித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள், மருந்தடிக்கும் மெஷினை அந்த அறையில் வைக்காதீர்கள். நுளம்புத்திரியிலும் நுளம்பு ஸ்பிரேயிலும் உள்ள பைரித்ரொயிட் வகை மருந்துகள் மனிதருக்கு லேசானவை, மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பி அறைக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள்தான் விடுகிறது. இரவில் திரி கொளுத்தி, காலையில் மீன் வெறிபிடித்தாற்போல் ஓடினால் காரணம் அதுவாக இருக்கலாம். மாரிகாலத்தில் டெங்குக்குப் புகை அடிக்க வரும்போது பம்பியை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் முழுக்க மூடி, கதவு யன்னல் திறந்து புகை போனபின் மறுபடி போடுங்கள். நாலு மீனுக்கு ஒரு மணி நேரம் பம்பி இல்லாமல் தாங்கும்.

இனி இடம். ஏஞ்சல் மீன் அமேசன் ஆற்றுப் பகுதியில், ஓட்டம் குறைந்த நீரில், வேருக்கும் தண்டுக்கும் இடையில் வாழும் மீன். தட்டையான உயர்ந்த உடம்பு அந்த இடுக்குகளில் நுழையத்தான். மேலே இருந்து நிழல் விழுந்தால் அதற்குக் கொக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள். முழங்கால் உயரத் தொட்டியில் உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் கொக்குதான். தொட்டியின் நடு மனிதரின் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி வைத்தால் பாதிப் பயம் அன்றே போகும். தண்ணீர், கண்ணாடி, சல்லி சேர்த்து 170 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் சாதாரண மேசை தாங்காது. இரும்புச் சட்டமோ கட்டிய மேடையோ வேண்டும். இடையில் அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) தகடு போட்டால் ஆட்கள் நடக்கும்போது வரும் தரை அதிர்வும் குறையும், கண்ணாடி வெடிக்கவும் மாட்டாது. வாசல், ரீவி ஸ்பீக்கர் இரண்டுக்கும் தள்ளி, நேர் வெயில் படாத மூலையாகப் பாருங்கள். நகர்த்த முன் தண்ணீரை இறைத்துவிடுங்கள், அதில் பாதியைச் சுத்தமான பேசினில் மீனோடு வைத்திருந்து திரும்ப ஊற்றுங்கள்.

பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் வெளிப்புறமாகக் கறுப்புத் தாளால் மூடுங்கள். நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தத் திசையில் முதுகு காட்டுவது என்று மீனுக்குத் தெரியாது. வெள்ளைச் சல்லி கீழிருந்து ஒளியைத் திருப்பி அடிக்கும், கருமையான ஆற்றுச் சல்லி நல்லது. பிறகு மறைவிடம். மீன் தெரியாமல் போய்விடும் என்று செடியை எடுத்துவிடுகிறார்கள், அது பெரிய பிழை. ஒளிய இடமில்லாத மீன்தான் ஒளிந்தே கிடக்கும். ஓடிப்போக இடம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் வெளியே வந்து நிற்கும். நாடா போன்ற நீண்ட இலையுள்ள வலிஸ்னேரியாவை பின்பக்கத்தில் அடர்த்தியாக நடுங்கள், முன்பக்கம் நீந்த வெளியாகக் கிடக்கட்டும். வாவியில் இருந்து ஆற்றுவாழையோ வேறு பாசியோ கொண்டுவர வேண்டாம். நத்தை, ஒட்டுண்ணி, வயல் மருந்து எல்லாம் கூடவே வரும். மறைவிடத்துக்கென்று கண்டல் வேரும் வெட்டக் கூடாது, அவை பாதுகாக்கப்பட்டவை.

பில்டரின் நீர் வேகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். வெப்பம் 26 முதல் 28 பாகை இருந்தால் போதும், நம் பக்கம் ஹீற்றர் தேவையில்லை. கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) வீசும் காலத்தில் 31 தாண்டினால் மூடியைத் திறந்து நீர்மட்டத்தின் மேல் மின்விசிறிக் காற்றுப் படவிடுங்கள், இரண்டு பாகை வரை இறங்கும்.

இருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போடாதீர்கள். அறை விளக்கு முதலில், பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி விளக்கு முதலில். நாளுக்கு எட்டு மணி நேரம் போதும்.

இடம் மாற்றிய அன்று விளக்கும் வேண்டாம், தீனும் வேண்டாம். அடுத்த நாளில் இருந்து காலை, மாலை ஒரே நேரத்தில், ஒரே மூலையில், ஒரே ஆள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போட வேண்டும். போட்டபின் அசையாமல் நில்லுங்கள், தின்னாவிட்டால் தள்ளிப் போங்கள். மிஞ்சியதை அள்ளிவிடுங்கள். அவித்த முட்டைக்கரு போட வேண்டாம், அது தண்ணீரை அன்றே கெடுக்கும். கண்ணாடியில் தட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தீன் போடும் வேலையை அவர்களிடமே கொடுத்தால் தட்டமாட்டார்கள். இரண்டு மூன்று கிழமையில் ஆளைக் கண்டதும் மீன் முன்னால் வரும்.

அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியமான பிறகு ஐந்தாறு பிளட்டி மீன் சேர்க்கலாம். அவை பயமின்றித் திரிவதைப் பார்த்து ஏஞ்சலும் துணியும். டைகர் பார்ப் வேண்டாம், செட்டையைக் கடிக்கும். நியோன் என்ற சிறு மீன் வளர்ந்த ஏஞ்சலுக்கு இரையாகிவிடும்.

மூன்று மீன் தெளிந்து, ஒன்று மட்டும் செட்டை கிழிந்து மூலையில் நின்றால், மற்றதில் ஒன்று அதை விரட்டுகிறது. விரட்டுகிற மீனைத்தான் பிடித்து, காற்றுக் குழாய் போட்ட மூடிய பேசினில் ஒரு கிழமை வையுங்கள், அந்தத் தண்ணீரையும் தினம் மாற்றுங்கள். திரும்ப விட முன் தொட்டிக்குள் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைத்தால், பழைய எல்லை அழிந்து எல்லா மீனும் புதிதாக இடம் பிடிக்கத் தொடங்கும்.