கின்ஸ்பெர்கின் பெட்டிகளில் இருப்பது குப்பையா?

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்கின் கடிதங்கள், நோட்டுகள், பழைய கேன்வாஸ் ஷூ, வெட்டிய தாடி முடி வரைக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். கவிதைகள்தான் புத்தகமாக வந்துவிட்டனவே, மிச்சத்தை எடைக்குப் போட்டால் என்ன? அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். செத்துப்போனவருக்கு அது பொருந்தாதா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எடைக்குப் போடலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஷூவும் தாடியும் செய்தித்தாள்களுக்குப் பிடித்த சமாச்சாரம். 1994இல் அந்த விற்பனை நடந்தபோது அவர்களும் அதைத்தான் பெரிதாகப் போட்டார்கள், நானும் போன இதழில் அதையே முதலில் சொன்னது தப்பு. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு தாளைப் பார்ப்போம், சரியா?

1955 ஆகஸ்டு. சான் பிரான்சிஸ்கோவில் மான்ட்கோமரி தெருவில் ஒரு வாடகை அறை. 29 வயது கின்ஸ்பெர்க் டைப்ரைட்டரில் உட்கார்ந்து, பின்னால் ‘ஹவுல்’ என்று பெயர் வாங்கப்போகும் கவிதையை அடிக்கிறார். தன் தலைமுறையின் மிகச் சிறந்த மனங்கள் பைத்தியத்தால் அழிந்ததைக் கண்டேன் என்று தொடங்கும் வரி. அந்த மனங்கள் எப்படி இருந்தன என்பதற்கு மூன்று சொற்கள் வருகின்றன: பட்டினி, அப்புறம் ‘மிஸ்டிக்கல்’, அப்புறம் நிர்வாணம். அந்த நடுச்சொல்லைப் பிறகு அடித்துவிட்டு ‘ஹிஸ்டெரிக்கல்’ என்று மாற்றுகிறார். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஞானியின் பரவசம் போய் நரம்பு அறுந்தவனின் அலறல் வந்துவிட்டது, அந்த இடத்தில்தான் அந்தக் கவிதையே தன் குரலைக் கண்டுபிடித்தது என்பேன். அச்சடித்த புத்தகத்தில் இரண்டாவது சொல் மட்டும்தான் இருக்கும், முதல் சொல்லைச் சொல்ல அந்தத் தாளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அந்தத் தாள் பிழைத்த கதையையும் கேளுங்கள். கின்ஸ்பெர்க் அதை மெக்சிகோவில் இருந்த நண்பர், நாவலாசிரியர் ஜாக் கெரோவாக்குக்குத் தபாலில் அனுப்பினார். கெரோவாக் பாராட்டினார், ஆனால் அடித்துத் திருத்திய இடங்களைப் பார்த்துக் கண்டித்தும் எழுதினார், முதலில் வந்தது வந்தபடி இருக்கட்டும் என்று. பிறகு அந்தத் தாள்கள் ஜான் கிளெலன் ஹோம்ஸ் என்ற நாவலாசிரியர் கைக்குப் போய், அவர் பத்திரமாக வைத்திருந்ததால் மிஞ்சின. 1986இல் கின்ஸ்பெர்க் தன் திருத்தங்களை எல்லாம் கைப்படியோடு புத்தகமாகவே போட்டார். ஹோம்ஸ் உங்களைப் போல நினைத்திருந்தால் அந்தப் புத்தகம் ஏது?

நிலையான விலாசம் இல்லாமல் பல வருடம் சுற்றிய மனிதர் இவர். கப்பலில் வேலை பார்த்தார், மெக்சிகோ, டான்ஜியர், பாரிஸ் என்று போனார், 1960இல் பெரு, 1962 பிப்ரவரி முதல் 1963 மே வரை இந்தியா. இப்படி அலைகிறவருக்குக் கடிதம்தான் வீடு. எந்த ஊரில் எப்போது யாரோடு இருந்தார், எதைப் படித்து எதை எழுதினார் என்பதைத் தேதியோடு கோத்துக் காட்டுவது அந்தக் கடிதங்களும் நோட்டுகளும்தான். ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுதிய ஆளுக்கு இவ்வளவு தேவைப்படாது, அலைந்தவருக்குத் தேவை.

ஒரு கடிதம் காணாமல்போனால் என்ன ஆகும் என்பதற்கும் இவர் வட்டத்திலேயே உதாரணம் உண்டு. 1950 டிசம்பரில் அவர்கள் இருவருக்கும் நண்பரான நீல் காசடி கெரோவாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார், சுமார் 16,000 சொற்கள். அதைப் படித்த பிறகுதான் தன் நடையே மாறியது என்று கெரோவாக் கடைசிவரை சொன்னார். கின்ஸ்பெர்க் அதை யாராவது அச்சில் கொண்டுவரட்டும் என்று வாங்கிப் போக, படகுவீட்டில் குடியிருந்த நண்பர் ஒருவர் தண்ணீரில் தவறவிட்டுவிட்டார் என்று கதை பரவியது. அந்த நண்பர் இல்லை, இல்லை என்று பல பத்தாண்டுகளாக மறுத்துக்கொண்டே இருந்தார், நம்பத்தான் ஆள் இல்லை. 2012இல் பார்த்தால், மூடிப்போன ஒரு சின்னப் பதிப்பகத்தின் பழைய கோப்புகளுக்குள் கடிதம் அப்படியே கிடந்தது! அந்தக் கோப்புகளையும் குப்பைக்கு அனுப்பத்தான் இருந்தார்கள், யாரோ ஒரு நல்ல மனிதர் தடுத்து வாங்கி வீட்டில் போட்டு வைத்ததால் தப்பியது. ஒரு மனிதர் மேல் அறுபது வருடம் ஒட்டியிருந்த பழியை ஒரு பழைய காகிதக் கட்டு துடைத்தது. அந்தக் கடிதம் இப்போது எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சரி, கின்ஸ்பெர்க் ஏன் இப்படி எல்லாவற்றையும் சேர்த்தார்? தற்பெருமை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. ‘ஹவுல்’ ஆபாசம் என்று 1957இல் வழக்கு நடந்தது, நீதிபதி கிளேட்டன் ஹார்ன் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். 1965இல் கியூபாவில் இருந்து வெளியேற்றினார்கள். அதே வருடம் பிராகில் மாணவர்கள் அவரை மே மாத ராஜாவாக முடிசூட்ட, ஒரே வாரத்தில் செக் போலீஸ் அவரைப் பிடித்து விமானத்தில் ஏற்றி அனுப்பியது, அவர் எழுதி வைத்திருந்த ஒரு நோட்டும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. சொந்த நாட்டில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவர் மேல் கோப்பு வைத்திருந்தது. அவர் சட்டப்படி மனுப் போட்டு அந்தக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினார். இடதுசாரி அரசும் வலதுசாரி அரசும் தன்னைப் பற்றி எழுதி வைத்துக்கொண்டிருக்கும்போது, தன் பக்கத்துக் காகிதத்தைத் தானே வைத்திருப்பதுதானே புத்தி?

இந்தியாவிலேயே ஒன்று சொல்கிறேன். பாட்னாவில் அவர் விருந்தாளியாகத் தங்கியது வங்கக் கவிஞர் மலய் ராய் சௌத்ரியின் வீட்டில். 1964இல் அந்த மலய் ஒரு கவிதைக்காகக் கைதானபோது, கின்ஸ்பெர்க் நியூயார்க்கில் இருந்து கல்கத்தாப் பெரியவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அவர்களில் ஒருவரான அறிஞர் அபு சயீத் அய்யூபோடு நடந்த கடிதச் சண்டை சூடானது: கருத்துச் சுதந்திரத்துக்கென்று சங்கம் வைத்திருக்கிற நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நேராகவே கேட்டார். மலய்க்கு 200 ரூபாய் அபராதம் விழுந்தது, 1967இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அப்போது யார் பேசினார்கள், யார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது இன்று நமக்குத் தெரிவது கடிதங்கள் இருப்பதால்தான்.

பத்து லட்சம் டாலர் உறுத்துகிறது இல்லையா. பல வருடம் அவர் அந்தப் பெட்டிகளை, தான் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கக் கொடுத்திருந்தார். ஸ்டான்ஃபோர்டு கொடுத்த தொகையில் வரி, தரகு எல்லாம் போக மிஞ்சியதில் மன்ஹாட்டனில் 13ஆவது தெருவில் வீடு வாங்கினார். உலகம் அறிந்த கவிஞர், கிட்டத்தட்ட எழுபது வயதில் சொந்த வீடு. 1997 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். இதில் எங்கே இருக்கிறது ஊதாரித்தனம்?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அது நியாயமானது, அதற்குக் கோபப்பட மாட்டேன். விற்றது அவரே, உயிரோடு இருக்கும்போது, முழு மனதோடு. ஆனால் பெட்டியில் மற்றவர்கள் அவருக்கு எழுதியவையும் இருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதில் இருக்கும் வாசகத்தின் காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். ஆய்வாளர் உட்கார்ந்து படிக்கலாம், இஷ்டத்துக்கு எடுத்து அச்சிட முடியாது. ஒட்டுக்கேட்பதும் இதுவும் ஒன்றல்ல.

அதற்கு மேலே சொல்ல எனக்கு ஒரு கடிதத்தின் கதை இருக்கிறது. அவர் அம்மா நவோமி மனநோயால் வருடக்கணக்காக மருத்துவமனையில் இருந்தவர். அவருக்கு மூளை அறுவை செய்யச் சம்மதித்து 21 வயதில் கையெழுத்துப் போட்டவர் இந்த மகன்தான். 1956 ஜூனில் அம்மா இறந்த செய்தி மேற்குக் கரையில் இருந்தவருக்கு வந்தது. அதற்குச் சில நாள் கழித்து, உயிரோடு இருந்தபோது அம்மா எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. சாவி ஜன்னலில் இருக்கிறது, ஜன்னலில் விழும் வெயிலில் இருக்கிறது, சாவி என்னிடம்தான் இருக்கிறது, கல்யாணம் செய்துகொள் ஆலன், போதைமருந்து வேண்டாம் என்று. முறைப்படி வேண்டிய பத்து ஆண்கள் சேராததால் அடக்கத்தின்போது, இறந்தவருக்காக யூதர்கள் சொல்லும் ‘காடிஷ்’ பிரார்த்தனைகூடச் சொல்லவில்லை. அந்தச் சாவியும் வெயிலும்தான் 1961இல் புத்தகமாக வந்த ‘காடிஷ்’ கவிதைக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கடிதத்தை நாம் படிக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது, அவரே நம் கையில் கொடுத்துவிட்டார்.

ஸ்டான்ஃபோர்டு போக வேண்டாம். அவருக்கும் அவர் அப்பா லூயிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து 2001இல் புத்தகமாக வந்திருக்கிறது. லூயி நியூ ஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், அவரும் கவிஞர், எதுகை தப்பாமல் எழுதுகிறவர். ‘காடிஷ்’ படித்துவிட்டு, பிரிந்துபோன மனைவியின் உடலைப் பற்றிய ஒரு வரியை எடுத்துவிடும்படி மகனைக் கேட்டு எழுதுகிறார். மகன் எடுக்கவில்லை. ஆனாலும் இருவரும் எழுதுவதை நிறுத்தவில்லை, 1976இல் லூயி இறக்கும்வரை. அந்த இடத்தை மட்டுமாவது படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், எடைக்குப் போடலாமா என்று.