சரக்கை நிலத்தடியில் கொண்டு போனால் சாலையில் லாரி குறையுமா?

குறையும். ஆனால் சரக்கு கிளம்பும் இடமும் போய்ச் சேரும் இடமும் சுரங்கத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நான் பார்சல் தொழிலில் இருப்பவன். வண்டி ஓடுகிற நேரத்தைவிட, ஏற்றி இறக்குகிற இடத்தில்தான் எங்களுக்குப் பணம் கரையும். நடுவில் ஒரு சுரங்கத்தை நுழைத்தால், லாரியிலிருந்து இறக்கிக் கீழே ஏற்ற வேண்டும், மறுமுனையில் இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கூடுதல்.

இதை நிஜமாகவே செய்து பார்த்த ஊர் சிகாகோ. 1899-ல் டெலிபோன் கம்பி போடுவதாகச் சொல்லித் தோண்டத் தொடங்கினார்கள். 1906-லிருந்து அதில் சரக்கு ஓடியது. தெருவுக்குச் சுமார் 12 மீட்டர் கீழே, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி மின்சார எஞ்சின்கள். மொத்தம் ஏறக்குறைய 60 மைல். பெரிய கட்டடங்களின் அடித்தளம் வரை லிஃப்ட் இணைப்பு இருந்தது. கட்டடத்தின் பாய்லருக்கு நிலக்கரி வரும், அதே வழியில் சாம்பல் வெளியே போகும். தெருவில் வண்டியே தேவையில்லை. அப்புறம் கட்டடங்கள் எரிவாயுவுக்கு மாறின, நிலக்கரியும் சாம்பலும் போயின. மிச்சச் சரக்கை வாசல் வரைக்கும் வந்து இறக்கும் லாரி எடுத்துக்கொண்டது. 1959-ல் மூடிவிட்டார்கள்.

லண்டனின் அஞ்சல் ரயில் 1927 முதல் 2003 வரை ஓடியது. பத்தரை கிலோமீட்டர், எட்டு நிலையங்கள், ஓட்டுநர் கிடையாது. நிலையங்களைச் சுரங்கத்தைவிடச் சற்று மேடாக வைத்திருந்தார்கள்: உள்ளே வரும்போது ஏற்றத்தில் வேகம் தானாகக் குறையும், கிளம்பும்போது இறக்கம் தள்ளிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது! ஆனால் மேலே இருந்த அஞ்சல் நிலையங்கள் மூடப்பட்டும் இடம் மாறியும் போக, கீழே இருந்த நிலையங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சாலையில் அனுப்புவதே மலிவு என்று சொல்லி நிறுத்தினார்கள்.

இப்போது சுவிட்சர்லாந்தில் 500 கிலோமீட்டர் நிலத்தடிச் சரக்குப் பாதைக்குத் திட்டம் போட்டு, 2022-ல் அதற்கான சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜப்பான் டோக்கியோ - ஒசாகா இடையே தானியங்கிச் சரக்குத் தடம் யோசிக்கிறது. அங்கே காரணம் நெரிசல் மட்டுமல்ல. 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநர்களின் ஓவர்டைமுக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என வரம்பு வந்துவிட்டதால், ஓட்டுவதற்கு ஆள் பற்றாக்குறை. எனக்கு ஜப்பான் கணக்குதான் கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது. அவ்வளவு நெடுந்தூரம் என்றால் ஏற்றி இறக்கும் செலவு ஓரளவு கரைந்துவிடும்.

ஊருக்குள் என்றால் நான் குப்பையில்தான் ஆரம்பிப்பேன். நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் 1975 முதல் அடுக்குமாடிக் குப்பையைக் காற்றுக் குழாய் உறிஞ்சி ஒரே இடத்துக்குக் கொண்டு போகிறது. ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் குப்பை லாரி வந்து நிற்க வேண்டியதில்லை, அந்த ஒரு இடத்துக்கு வந்தால் போதும்.