2020 இல் அம்பாறையில் ஆசனத்தை இழந்த தமிழரசுக் கட்சி அதன்பின் எப்படி மீண்டது?

இலங்கையின் அம்பாறை மாவட்டம் நாடாளுமன்றத் தேர்தலில் திகாமடுல்ல எனப்படும். அந்தத் தேர்தல் மாவட்டத்துக்குரிய 7 ஆசனங்களில் ஒன்று அதிக வாக்குப் பெறும் கட்சிக்குப் போனசாகப் போய்விடும். மீதி ஆறும், 5 வீத வாக்குகளைத் தாண்டிய கட்சிகளிடையே முதலில் முழு ஈவின்படியும் (ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்குகள் எத்தனை முழுத் தடவை உள்ளன என்பது), பின்னர் பெரிய மீதியின்படியும் (எஞ்சிய வாக்குகள் அதிகமுள்ள வரிசை) பங்கிடப்படும். 2020 இல் தமிழரசுக் கட்சி ஏறக்குறைய 25,000 வாக்குகளையும், கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் போட்டியிட்ட அகில இலங்கை தமிழர் மகாசபை 29,000 இற்கும் மேற்பட்ட வாக்குகளையும் பெற்றன. இரண்டும் 5 வீதத்தைத் தாண்டியும் ஆசனமின்றி நிற்க, 39,000 இற்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு முஸ்லிம் கட்சியான தேசிய காங்கிரஸ் கடைசி ஆசனத்தைப் பெற்றது. ஆகவே தமிழ் வாக்கு வங்கி அழியவில்லை, பிளந்தது என்பதே என் கணிப்பு. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை, தமிழர் கோரியபடி முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தாத கோபம் அந்தப் பிளவுக்கு வலுவூட்டியது. அக்கோபம் நியாயமானதுதான், ஆனால் வாக்குக் கணக்கு நியாயம் பார்ப்பதில்லை.

இழப்பை ஓரளவு ஈடுசெய்ய, கட்சி, நாடளாவிய வாக்கு விகிதப்படி கிடைத்த தனது தேசியப் பட்டியல் ஆசனத்தைத் தவராசா கலையரசனுக்கு வழங்கியது. இதனால் திருக்கோவில், காரைதீவு, நாவிதன்வெளி மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு குரல் எஞ்சியது. 2024 நவம்பரில், கட்சி அங்கம் வகித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சிதைந்திருந்த நிலையிலும், கவீந்திரன் கோடீஸ்வரன் மூலம் மாவட்ட ஆசனம் மீண்டும் தமிழரசிடம் வந்தது. தேசிய மக்கள் சக்தி மாவட்டத்தில் 4 ஆசனங்களை அள்ளிய தேர்தலில் இது சிறிய வெற்றியல்ல. எனினும் இன்னொரு வலுவான தமிழ் அணி களமிறங்கினால் அந்த ஆசனம் மறுபடியும் ஆட்டங்காணும்.