கேட்டில் லாரியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்டால்...

கேள்வி: பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்து, சென்னையில் வாங்கிய புது ஃபிளாட்டுக்குப் போன மாதம் குடிவந்தோம். இணையத்தில் பார்த்த ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் ‘எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியது. இன்ஷூரன்ஸ் என்று தனியாக 1,500 வாங்கினார்கள். முன்பணம் 10,000 கொடுத்தோம். லாரி அபார்ட்மென்ட் கேட்டுக்கு வந்ததும் எல்லை வரி, காத்திருப்புக் கூலி, மாடி ஏற்றும் கூலி என்று மேலும் 13,000 கேட்டார்கள். தராவிட்டால் வண்டி குடோனுக்குப் போய்விடும் என்றார்கள். கைக்குழந்தையும் மாமியாரும் கீழே நின்றுகொண்டிருந்ததால், பாக்கி 14,000 ரூபாயோடு அதையும் சேர்த்து ஜிபே செய்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் டிவி திரை உடைந்திருக்கிறது, வாஷிங் மெஷின் நசுங்கியிருக்கிறது, வெள்ளிப் பூஜைச் சாமான்கள் வைத்த பெட்டியையே காணோம். கேட்டால், “ஓனர்ஸ் ரிஸ்க் என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், கேஸ் போடுவதானால் டெல்லியில்தான் போட வேண்டும்” என்கிறார்கள். இதில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா? என் தம்பியும் இரண்டு மாதத்தில் வீடு மாறுகிறான். அவன் எதைக் கவனிக்க வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சகோதரி, முதலில் அந்த 13,000 ரூபாய். அதில் உங்கள் பக்கம் மிக வலுவாக இருக்கிறது. “நானேதானே அனுப்பினேன், இனி எப்படிக் கேட்பது” என்று தயங்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 15-ல், ஒருவருடைய பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்து வைப்பதையும், பிடித்து வைப்பேன் என்று மிரட்டுவதையும் வற்புறுத்தல் என்றே சொல்கிறது. வற்புறுத்தலால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 72. அந்தப் பிரிவின் கீழ் ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: சட்டவிரோதமான கட்டணத்தைக் கட்டினால்தான் சரக்கை விடுவேன் என்கிறது ஒரு ரயில்வே கம்பெனி. சரக்குக்கு உரியவர் வேறு வழியில்லாமல் கட்டி எடுத்துச் செல்கிறார். அதிகமாக வாங்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ரயில்வே கம்பெனி இருந்த இடத்தில் லாரிக்காரரை வைத்துப் பாருங்கள், உங்கள் வழக்கு அதுதான்.

பேசிய கூலியில் பாக்கி இருந்தால் அதைப் பெறும்வரை சாமானைப் பிடித்து வைக்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமை உங்கள் விஷயத்தில் 14,000 ரூபாயோடு முடிந்துவிடுகிறது. ‘எல்லை வரி’ என்று கேட்டதற்கு எந்த அடிப்படையும் இல்லை. நுழைவு வரி 2017-ல் ஜிஎஸ்டி-க்குள் போய்விட்டது. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களை எடுத்துப் போக இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) கூடத் தேவையில்லை, ஜிஎஸ்டி விதிகள் அவற்றுக்கு விலக்குக் கொடுத்திருக்கின்றன. இந்த இல்லாத வரியின் பெயரில் வீடு மாறுகிறவர்களிடம் பணம் பறிக்கப்படுகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது உடைந்த பொருட்கள். வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வருகின்றன. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது, 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் பிரிவு 17-ன்படி, இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசு அல்லது நீதிமன்றத்தின் நடவடிக்கை போன்ற சில காரணங்கள் தவிர, வழியில் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் நிறுவனமே பொறுப்பு. ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற அச்சைக் கண்டு பின்வாங்காதீர்கள். 2000-ஆம் ஆண்டில் நாத் பிரதர்ஸ் எக்ஸிம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு வரி இருந்தாலும் தன் கவனக்குறைவால் வந்த சேதத்துக்கான பொறுப்பிலிருந்து வண்டிக்காரர் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. கவனக்குறைவு இல்லை என்று காட்டும் சுமையும் அவர் தலையில்தான்.

ஆனால் நஷ்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பை எழுதி வாங்காதபோது, 2011-ஆம் ஆண்டின் விதிகள்படி கூலியின் பத்து மடங்கு வரைதான் கேட்கலாம். அதுவும், சரக்கை ஒப்படைக்கும் படிவத்தில் நீங்கள் எழுதிய மதிப்பைத் தாண்டக் கூடாது. 24,000 ரூபாய்க் கூலிக்குப் பத்து மடங்கு 2,40,000. உங்கள் டிவிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது தாராளம். ஆகவே கையெழுத்துப் போட்ட தாளில் ‘மதிப்பு’ என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் ஏற்ற வந்தவரே ஏதோ ஒரு சின்னத் தொகையை எழுதிவிட்டு, “சும்மா ஃபார்மாலிட்டி மேடம்” என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார். பிறகு நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் கட்டத்தைத்தான்.

காணாமல் போன வெள்ளிப் பெட்டியைப் பற்றி உங்களுக்கு நம்பிக்கை ஊட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. பட்டியலில் அந்தப் பெட்டி தனி எண்ணோடு இருக்கிறதா? ‘மொத்தம் 22 அட்டைப்பெட்டி’ என்று ஏற்றும்போது எழுதி, இறக்கும்போது 21 வந்திருந்தால் பெட்டி தொலைந்ததை நிரூபிக்கலாம். உள்ளே வெள்ளிதான் இருந்தது என்பதை நிரூபிப்பது வேறு விஷயம். நகைக்கடை பில், கட்டும்போது எடுத்த போட்டோ, ‘பூஜைச் சாமான், வெள்ளி’ என்று அவர்களுக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வரி, இவற்றில் ஒன்றாவது வேண்டும். எதுவும் இல்லையென்றால் அந்தத் தொகையைக் கோரிக்கையில் சேர்த்துக் கேளுங்கள், ஆனால் அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸுக்கு வாங்கிய 1,500 ரூபாய்க்குப் பாலிசி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யிடம் பதிவு பெற்ற நிறுவனம்தான் காப்பீடு தர முடியும். லாரி நிறுவனம் தன் ரசீதில் ‘இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு வரி போட்டுப் பணம் வாங்கினால் அது காப்பீடு ஆகிவிடாது. பாலிசி இருந்தால் உடனே அங்கேயும் க்ளெய்ம் போடுங்கள். இல்லையென்றால், முறையற்ற வணிக நடைமுறை என்று புகாரில் அதையும் சேர்க்கலாம்.

இப்போது நேரம் பற்றி. மேலே சொன்ன சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் பிரிவு 16-ன்படி, சாமான் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சேதத்தைச் சொல்லி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. நாள் எண்ணுவது பதிவு செய்த தேதியிலிருந்து, சாமான் வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல. “பார்த்துச் சொல்கிறோம் மேடம், மேலிடத்தில் பேசுகிறோம்” என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறவர்களுக்கு இந்த 180 நாள் நன்றாகவே தெரியும். வக்கீல் வைத்துத்தான் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றில்லை. பதிவு செய்த தேதி, பேசிய கூலி, கூடுதலாக வாங்கியது, உடைந்தது, தொலைந்தது, ஒவ்வொன்றின் மதிப்பு, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் நீங்களே எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். டிவிக்கும் மெஷினுக்கும் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலம் எஸ்டிமேட் வாங்கும்வரை பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லி பேச்சுக்கு அங்கே இடமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்க உரிமை தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டு காலவரம்பு இருக்கிறது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்துவிடுங்கள், சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

கேட்டில் லாரி நின்ற அன்றே 112-க்கு அழைத்திருக்கலாம். “இது சிவில் தகராறு” என்று காவலர் சொன்னால், ஒப்படைத்த பொருளைச் சரக்கு ஏற்றிச் செல்கிறவர் கையாடினால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 316(3) சொல்வதை எடுத்துக் காட்டலாம். குறைந்தது ஒரு சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் அத்தாட்சி) கையில் இருக்கும். காணாமல் போன பெட்டிக்காக இப்போதும் ஒரு புகார் கொடுத்து அந்த ரசீதை வாங்குங்கள், ஆணையத்தில் உதவும்.

இனி உங்கள் தம்பி. பெட்டி கட்டுவதற்கு முன் அவர் செய்ய வேண்டியது ஒரு நோட்டில் பட்டியல் போடுவது. பெட்டி எண், உள்ளே என்ன, மதிப்பு என்று மூன்று பத்தி போதும். ‘சமையலறைச் சாமான்’ என்று மொத்தமாக எழுதக் கூடாது. ‘பெட்டி 7: மிக்ஸி, மூன்று ஜார், இட்லி குண்டான், 9,000’ என்று எழுத வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், மெஷின் மூன்றும் ஓடுவதை வீடியோ எடுத்து, பின்பக்கத்து சீரியல் எண்ணையும் அதே வீடியோவில் காட்டட்டும். பெட்டியை ஒட்டும் முன் திறந்தபடி ஒரு போட்டோ எடுக்கட்டும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏற்ற வந்த சூப்பர்வைசரின் கையெழுத்தும் வண்டி எண்ணும் இருக்க வேண்டும். சரக்கு ரசீது கொடுப்பது அவர்களின் சட்டக் கடமை (சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 9), அதைக் கையில் வாங்காமல் லாரியை நகர விடக் கூடாது.

விலை பேசும்போதே ஜிஎஸ்டி சேர்த்தா, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, லாரி தெருவுக்குள் வருமா, வராவிட்டால் சின்ன வண்டிக்கு யார் பணம் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். கேட்டில் நடக்கும் தகராறுகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான் காரணம். புது அபார்ட்மென்ட் சங்கத்திடம் சாமான் ஏற்றும் நேரம், லிஃப்ட் அனுமதி, கட்டணம் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே விசாரித்துவிடலாம். நகை, பணம், வெள்ளி, பத்திரம், சான்றிதழ் எதையும் லாரியில் ஏற்றக் கூடாது, அவை அவரோடு காரிலோ ரயிலிலோ வரட்டும். கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு மாற்றல் சீட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

சாமான் இறங்கியதும் டெலிவரி தாளை நீட்டுவார்கள். அதில் ‘எல்லாம் நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். பெட்டிகளை எண்ணி, பெரிய பொருட்களின் உறையைப் பிரித்துப் பார்க்கும் வரை கையெழுத்துப் போட வேண்டாம். சேதம் இருந்தால் அந்த அச்சு வரியை அடித்துவிட்டு, ‘டிவி திரை உடைந்துள்ளது, பெட்டி 22 வரவில்லை, மற்றவை பிரித்துப் பார்க்கப்படவில்லை’ என்று கைப்பட எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை டிரைவரிடம் கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.