வாசகர் கேள்வி: மதியமானால் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

கேள்வி: என் மகன் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறான். மே மாதம் பிறந்ததிலிருந்து மதிய வேளையில் அவன் கம்ப்யூட்டர் ஃபேன் இரைகிறது, வேலை பாதியில் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. இரவில் ஒழுங்காக ஓடுகிறது. நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் லிக்விட் கூலர் போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. "இரவில் ஒழுங்காக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. எந்த ஃபேனும் அறைக் காற்றைத்தான் வீசும். லிக்விட் கூலர் குழாயில் ஓடும் திரவத்தால் சூட்டை எடுத்துப்போகும்; அந்தத் திரவத்தை ஆற்றும் ரேடியேட்டரும் அதே காற்றில்தான் ஆறியாக வேண்டும். அறை 28 டிகிரியாக இருக்கையில் பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் முக்கிய சிப், 80-ல் நிற்கிறது என்றால், அறை 40 ஆனதும் அதே வேலைக்கு ஏறக்குறைய 92-க்குப் போகும். இன்டெல் பிராசஸர்கள் பலவும் 100 டிகிரியை ஒட்டி வந்தால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

செலவில்லாமல் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, மதியம் வேலை ஓடும்போது பிராசஸர் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் கேபினெட்டின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே நேரத்தில் அதே வேலையை ஓட்டட்டும். பத்து டிகிரி போல இறங்கினால் பிராசஸர் கூலர்மீது குற்றமில்லை, கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை. கம்ப்யூட்டர் மேஜையின் அறைக்குள் கேபினெட்டைச் செருகி வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். வெளியேற்றிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

தகட்டைக் கழற்றியும் எண் இறங்கவில்லையா? அப்போது பிராசஸரின் சூடு, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உலோகத் தகடுகளாலான ஹீட் சிங்க்குக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது ஹீட் சிங்க்கின் இடுக்குகள் அடைத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இன்டெல் கூடவே தரும் கூலர் என்றால் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று நழுவியிருந்தாலே போதும், ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து, நான்கு மூலையும் சரியாக அமர்த்தினால் ஆயிற்று. லிக்விட் கூலர் விலைக்கு இதெல்லாம் கிட்டேகூட வராது.

70 டிகிரியிலேயே அணைகிறது என்றால் பிராசஸரை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) யுபிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். எண்ணைக் குறித்து வைக்காமல் கடைக்குப் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தில்லியில் தூசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதிக்காற்று அடித்தால், ஜன்னலைச் சாத்தினாலும் முன்பக்க வலையிலும் எஸ்எம்பிஎஸ் அடி வலையிலும் தூசி படலமாகப் படியும். கோடை முழுக்க மாதம் ஒருமுறை அந்த வலைகளைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளட்டும். சுழலவிட்டு ஊதினால் பேரிங் கெடும். ஏர் கூலர் காற்று நேராகக் கேபினெட்டில் படவும் வேண்டாம். ஈரத்தில் தூசி அப்பிக்கொள்ளும்.

கேள்வி: புதிதாக மூன்று ஃபேன் போட்டும் சூடு குறையவில்லை. ஏன்?
– வாசகர், கரோல் பாக்

பதில்: திசையைப் பாருங்கள் சார். பொதுவாக ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்பக்கம் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு டிஷ்யூ தாளைக் காட்டுங்கள், ஒட்டுகிறதா பறக்கிறதா என்று தெரிந்துவிடும். திசை சரியாக இருந்து, முன்பக்கம் இடைவெளியே இல்லாத கண்ணாடியாக இருந்தால், அதைக் கழற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள். சூடு இறங்கினால் கேபினெட்டை மாற்றுங்கள், நான்காவது ஃபேன் வாங்காதீர்கள்.