பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்

"மனைவிக்கு ஏழாம் மாதம், பிபி ஏறியதால் அட்மிட் செய்திருக்கிறோம், பிரசவம் வரை இருக்கச் சொல்கிறார்கள். பிறகு மனச்சோர்வு வராமல் தடுக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக வராது என்று யாரும் எழுதித் தர முடியாது, ஆனால் வாய்ப்பைக் குறைக்கலாம், அதை இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.

நானும் அப்படிக் கிடந்தவள்தான். மன்னார்குடி பக்கம் ஊர், தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் 38 நாள். விடியற்காலை 5 மணிக்கே கையில் பிபி பார்க்கும் பட்டையைச் சுற்றிவிடுவார்கள். சம்பா நடவு நேரம், வீட்டுக்காரரால் வயலை விட்டு வர முடியவில்லை, ராத்திரி போன் செய்வார். எடுத்ததும் "இன்னிக்கு பிபி எவ்வளவு?", அடுத்து "சாப்டியா?". அம்மாவும் அத்தையும் அதையேதான் கேட்பார்கள். 150/100 என்று சொல்லும்போது நானே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருக்கும். வளைகாப்பு நின்றுபோனதால் அம்மா ஒருநாள் கண்ணாடி வளையல்களைக் கட்டைப்பையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார், மறுநாளே ட்ரிப்ஸ் ஏற்ற இடைஞ்சல் என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

34 வாரத்தில் குழந்தை பிறந்து 12 நாள் என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், குழந்தை வீறிட்டு அழும்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அதனால் முதல் வேலை, இன்று ராத்திரி போனில் பிபி கேட்பதற்கு முன்னால் "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு சமாதானம் சொல்ல அவசரப்படாமல் அவரைப் பேச விடுங்கள். கவலைப்பட்டதால்தான் பிபி வந்தது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்கு வந்தது ப்ரீஎக்லாம்ப்சியா, கர்ப்பத்தில் பிபி ஏறும் நோய், அது நஞ்சுக்கொடியில் தொடங்கும் கோளாறு.

டாக்டரிடம் கவுன்சிலிங் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். மனச்சோர்வு வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கர்ப்பத்திலேயே முறையான பேச்சு சிகிச்சை கொடுத்தால் பின்னால் சோர்வு வருவது குறைகிறது என்று ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. முன்பு எப்போதாவது மனச்சோர்வு இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று 10 கேள்விகள் தமிழிலேயே இருக்கிறது, கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். வார்டில் ஒருமுறை, பிரசவத்துக்கு அப்புறம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி போன் எண் டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி குழந்தையை யார் தூக்குவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், மனைவிக்குத் தொடர்ச்சியாக நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கவேண்டும். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள் (தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்). பால் கொடுக்கும்போதே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. சாகலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

உங்கள் மனைவிக்கு விருப்பமிருந்தால் எனக்கு இங்கேயே எழுதச் சொல்லுங்கள். 5 மணி பிபி முடிந்த பிறகு தூக்கம் வராது, எனக்குத் தெரியும்.